இரண்டு கிலோ மைதாவுக்கு எந்த ஸ்டாண்ட் மிக்சர் தாங்கும்?

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “மூன்று வருடமாக வீட்டில் கேக் செய்து விற்கிறேன். இதுவரை கையில் பிடிக்கிற பீட்டர்தான். இப்போது பன், பிரெட் எல்லாம் கேட்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்கு இரண்டு கிலோ மைதா ஆகும். இங்கே 1500 வாட் ஸ்டாண்ட் மிக்சர் ஒன்று எட்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தம்பி 325 வாட் மெஷின் ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்கிறான், விலையோ பல மடங்கு. எதை வாங்குவது? வாட் அதிகம் என்றால் பலமும் அதிகம்தானே?”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். இரண்டு கிலோ மைதாவை ஒரே தடவையில் பிசைய இந்த இரண்டுமே தாங்காது. மூன்று தடவையாகப் பிரித்துப் பிசைந்தால் 325 வாட் மெஷின் பல வருடம் உழைக்கும். 1500 என்று எழுதியிருப்பது கேக் மாவுக்கும் க்ரீமுக்கும் சரியாக இருக்கலாம். வாரம் நான்கு கிலோ பிரெட் மாவை அதனிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

வாட் என்பது மெஷின் சுவரிலிருந்து எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்ற கணக்கு. மாவைப் புரட்டும் கொக்கிக்கு எவ்வளவு பலம் வந்து சேர்கிறது என்ற கணக்கு அதில் இல்லை. மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று ஓடும். பிரெட் மாவு பிசையும்போது கொக்கி நூறு சுற்றுகூட ஓட வேண்டியதில்லை. இடையில் நின்று அந்த வேகத்தைப் பலமாக மாற்றிக் கொடுப்பது கியர். லாரி மலை ஏறும்போது டிரைவர் முதல் கியருக்கு மாற்றுகிறாரே, அதே சங்கதிதான். கியரும் அதைத் தாங்கும் உடம்பும் உறுதியாக இல்லாவிட்டால் மோட்டார் இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகவும் சத்தமாகவும்தான் போகும். ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் ஹோபார்ட் நிறுவனத்தின் என்50 என்ற மெஷின், பேக்கரிக்காரர்கள் மரியாதையோடு பேசும் ஒன்று. பவுல் 5 குவார்ட், அதாவது சுமார் 4.7 லிட்டர். மோட்டாரோ ஆறில் ஒரு பங்கு குதிரைத்திறன்தான். வாட்டில் சொன்னால் 125 பக்கம் வரும். உள்ளே முழுக்க உலோக கியர். அதன் பலம் அங்கேதான் இருக்கிறது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நான் முதலில் வாங்கியதும் ஆயிரம் வாட்டுக்கு மேல் எழுதியிருந்த, விலை குறைந்த மெஷின்தான். ஒரு வருடம் கேக் மட்டும் செய்தேன், ஒரு குறையும் இல்லை. பன் மாவு போட ஆரம்பித்த நாலாவது மாதம், கொக்கி திடீரென்று ‘கடகட’ என்று தாவி, பிறகு நின்றே போனது. மோட்டார் மட்டும் ஓடுகிற சத்தம். கடையில் “உள் பார்ட்ஸ் வராதும்மா, புதுசா எடுத்துக்கோங்க” என்றார்கள். வீட்டுக்கு வந்து மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளை நைலான் கியர், உள்ளங்கையில் பாதி அளவு. அதன் பற்களில் ஆறு, மெழுகு உருகி வழிந்ததுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. சுற்றிலும் கிரீஸ் கறுத்துப்போய், தொட்டால் மாவுத் துகளோடு நறநறவென்று இருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கியர் கிடைத்திருந்தால் அந்த மெஷின் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நல்ல மெஷின்களிலும் மற்ற கியர்களைவிட மென்மையான ஒரு கியரை வேண்டுமென்றே வைப்பதுண்டு. மாவு இறுகி மெஷின் திணறினால் அந்த ஒன்று மட்டும் தேய்ந்து, மோட்டாரைக் காப்பாற்றும். அதனால் உள்ளே நைலான் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தக் கியர் தனியாகக் கிடைக்குமா, மோட்டாருக்குள் கரண்ட் கடத்தித் தேய்ந்துபோகும் சின்னத் துண்டான கார்பன் பிரஷ் கிடைக்குமா, மாற்றித் தர உங்கள் ஊர்ப்பக்கம் ஆள் உண்டா என்று கேளுங்கள். கடைக்காரர் திணறினால் அந்த மெஷினை விட்டுவிடலாம். வாரண்டி அட்டையையும் படியுங்கள். ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று பெரும்பாலும் இருக்கும். நீங்கள் விற்பனைக்குச் செய்கிறவர் என்பதால் இது முக்கியம்.

இனி வகைகள். நாம் அதிகம் பார்ப்பது, பவுல் அசையாமல் நிற்க, பீட்டர் தானும் சுழன்றுகொண்டு பவுலையும் சுற்றி வருகிற வகை. பூமி சூரியனைச் சுற்றுவதுபோல என்பதால் இதை பிளானட்டரி என்பார்கள். 1908-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஹோபார்ட் நிறுவனத்தின் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற இன்ஜினீயர், ஒரு பேக்கரிக்காரர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிண்டிக் கஷ்டப்படுவதைப் பார்த்து யோசித்ததில் பிறந்தது என்று சொல்வார்கள். ஹோபார்ட் முதலில் பேக்கரிக்கான 80 குவார்ட் மெஷினைத்தான் செய்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களிலும் அந்த நிறுவனத்தின் மிக்சர்கள் ஏறின. வீட்டுக்கான சின்ன மெஷின் 1919-இல் வந்தது. அதுதான் கிச்சன்எய்ட். இங்கிலாந்தில் கென்னத் வுட் 1950-இல் கென்வுட் ஷெஃப் மெஷினைக் கொண்டுவந்தார். ஸ்வீடன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1940-இல் வந்த அசிஸ்டென்ட் என்ற மெஷினில் பவுல்தான் சுற்றும். ஒரு உருளை மாவை ஓரத்தோடு அழுத்திப் பிசையும், எதிரே ஒரு கத்தி போன்ற பட்டை வழித்து விடும். இன்று அது ஆங்கர்ஸ்ரம் என்ற பெயரில் விற்கிறது. பிரெட் மட்டுமே செய்கிறவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். பெரிய மாவுக்கு அது அருமையானது, ஆனால் கேக்குக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

பிளானட்டரியிலேயே இரண்டு வடிவம் உண்டு. ஒன்று, தலை மேலே மடங்குகிற வகை. பவுலை எடுக்கவும் வழிக்கவும் சுலபம், அலமாரிக்கு அடியிலும் நிற்கும். ஆனால் கெட்டி மாவு போட்டால் தலை மேலும் கீழும் குதிக்கும். நாளாக நாளாக அந்த மடக்குக் கீலில் இருக்கும் ஆணி வெளியே நகரும், அவ்வப்போது பார்த்துத் தட்டி உள்ளே தள்ள வேண்டும். இன்னொன்று, தலை அசையாமல், பவுலை ஒரு கைப்பிடியால் மேலே தூக்கி மாட்டுகிற வகை. பிரெட்டுக்கு இதுதான் சரி. பவுல் இரண்டு பக்கமும் பிடிபட்டு இருப்பதால் மாவு எவ்வளவு இழுத்தாலும் ஆடாது.

அளவு விஷயத்தில் பவுல் எத்தனை லிட்டர் என்று பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கிலோ மைதாவில் 650 மில்லி தண்ணீர், உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் வெண்ணெய் எல்லாம் சேர்ந்தால் மாவு 1.7 கிலோவுக்கு மேல் வரும். 4.8 லிட்டர் பவுலில் அது இடம் பிடிக்கும்தான், ஆனால் கொக்கியும் கியரும் படும் பாடு வேறு. என் அனுபவத்தில் தலை மடங்கும் 4.8 லிட்டர் மெஷினுக்கு 600, 700 கிராம் மைதாதான் நிம்மதியான அளவு. பவுல் தூக்கும் 6, 7 லிட்டர் மெஷினில் ஒரு கிலோ போடலாம். அப்படிப் பார்த்தால் உங்கள் இரண்டு கிலோ, சின்னதில் மூன்று தடவை, பெரியதில் இரண்டு தடவை. இது நஷ்டமில்லை. முதல் மாவு பொங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது பிசைந்தால் ஓவனும் அதே வரிசையில் காலியாகும். ஒரு நாளைக்கு நான்கைந்து கிலோ என்று வளர்ந்தால் ஸ்டாண்ட் மிக்சரை விட்டுவிட்டு, வீட்டுக் கரண்டிலேயே ஓடுகிற சின்ன ஸ்பைரல் மிக்சர் பக்கம் போய்விடுங்கள். அது பிரெட் மாவுக்கென்றே பிறந்தது. கேக் அதில் ஆகாது.

தம்பி கொண்டுவரும் மெஷினுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 120 வோல்ட், நம் வீட்டில் 230. நேராகச் சொருகினால் சில நொடியில் போய்விடும். 230-ஐ 120 ஆகக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். 325 வாட் மெஷினுக்கு குறைந்தது 750 விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு, பெட்டியில் VA என்று இருக்கும்) உள்ளதாக, செம்புக் கம்பி சுற்றிய, கையில் எடுத்தால் கனக்கிற பெட்டியாக வாங்குங்கள். உள்ளங்கை அளவு கன்வெர்ட்டர்கள் ஹேர் டிரையர் மாதிரி சூடாக்கும் பொருளுக்குச் செய்தவை, மோட்டாருக்கு ஆகாது. இன்னொன்று, அதன் வெளியுடம்பு உலோகம். டிரான்ஸ்ஃபார்மரிலும் சுவரிலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஈரக்கையோடு நிற்கிற இடம் அது. அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டியும் பெரும்பாலும் செல்லாது. இவ்வளவையும் பார்த்தால், அதே பணத்துக்கு இந்தியாவிலேயே 230 வோல்ட்டில் விற்கும் பவுல் தூக்கும் மெஷினை வாங்குவதே உங்களுக்கு நல்லது. தம்பியிடம் நல்ல தராசும் மாவுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரும் வாங்கிவரச் சொல்லுங்கள். அவை பேட்டரியில் ஓடுபவை, எந்த ஊரிலும் வேலை செய்யும்.

தெர்மாமீட்டர் ஏன் என்று கேட்பீர்கள். நம் ஊரில் பிரெட் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். பிசைந்து முடிக்கும்போது மாவு 25, 26 டிகிரியில் இருந்தால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும். மெஷின் பிசையும்போது உரசியே மாவைச் சூடாக்கும். சுமாராக 12 டிகிரி என்று வைத்துக்கொண்டு, மே மாதத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். வேண்டியது 26. மாவின் சூடு சமையலறை, மைதா, தண்ணீர் என்ற மூன்றையும் பொறுத்தது என்பதால் அதை மூன்றால் பெருக்கினால் 78. சமையலறை 33, மைதா 32, உரசல் 12, மூன்றும் சேர்ந்து 77. கழித்தால் மிச்சம் 1. அதாவது, தண்ணீர் ஒரு டிகிரியில் இருக்க வேண்டும்! குழாய்த் தண்ணீரில் பிசைந்தால் மாவு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அதனால் ஐஸ் கட்டி போட்டுக் குளிர வைத்த தண்ணீரை, கட்டியை வடிகட்டிவிட்டு அளந்து ஊற்றுங்கள். முந்தின நாளே மைதாவை டப்பாவோடு ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சுலபம். இதை ஆரம்பித்த பிறகுதான் என் பன்களில் புளித்த வாடை போனது.

அடுத்தது, மெஷினின் வேலையைக் குறைப்பது. மைதாவையும் தண்ணீரையும் மட்டும் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் கலந்து, மூடி வைத்து இருபது முப்பது நிமிடம் போய்விடுங்கள். பிரான்ஸின் ரொட்டி நிபுணர் ரேமோன் கால்வெல் 1974-இல் உருவாக்கிய முறை இது, ஆட்டோலிஸ் என்பார்கள். மாவு தானே தண்ணீரைக் குடித்து, மாவை இழுபட வைக்கும் குளூட்டன் என்ற புரதம் தானே கட்ட ஆரம்பித்துவிடும். வெயில் நாளில் அந்த அரை மணி நேரம் பவுல் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீர் ஊற்றியதற்குப் பலன் இருக்காது. திரும்பி வந்து உப்பும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்தால், பத்து நிமிட வேலை ஐந்தாறு நிமிடத்தில் முடியும். சூடும் குறையும், கியரும் பிழைக்கும். வெண்ணெயை கடைசியில், மாவு ஒன்றாகத் திரண்ட பிறகு, சின்னத் துண்டுகளாகப் போடுங்கள். முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவின்மேல் படிந்து குளூட்டனைத் திரளவிடாது.

வேகம் ஒன்றில் கலக்கவும், இரண்டில் பிசையவும். அதற்கு மேல் பிரெட் மாவுக்குக் கூடவே கூடாது. கிச்சன்எய்ட் கையேட்டிலேயே ஈஸ்ட் மாவுக்கு இரண்டாம் வேகம்தான் என்று எழுதியிருக்கும். ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று நாலில் வைத்ததால் போன மெஷின்கள் நிறைய. மாவு கொக்கியில் ஏறி மேலே போய்ச் சுற்றிக்கொண்டால் அது பிசைபடவில்லை, சும்மா சுற்றுகிறது. நிறுத்தி, வழித்துக் கீழே தள்ளி, மறுபடி ஓட்டுங்கள். கையை மெஷினின் தலைமேல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் பதினைந்து இருபது நிமிடம் ஓய்வு கொடுங்கள். சத்தத்தையும் கேட்டுப் பழகுங்கள். ஒரே சீராக ரீங்காரமிட்ட மெஷின் இழுத்து இழுத்து முனக ஆரம்பித்தால் மாவு கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள், அல்லது பாதி மாவை எடுத்துவிடுங்கள்.

பதம் தெரிய, நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து இரண்டு கை விரல்களாலும் மெதுவாக விரியுங்கள். கிழியாமல், ஜன்னல் வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற அளவுக்கு மெல்லிய தோல்போல வந்தால் போதும். ஓரம் கரடுமுரடாகக் கிழிந்தால் இன்னும் ஒரு நிமிடம். மாவு பிசையும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். கெட்டி மாவு மெஷினையே மேடையில் தள்ளிக்கொண்டு போகும். கிரானைட் மேடை என்றால் இன்னும் வழுக்கும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

சப்பாத்தி மாவையும் இதிலேயே பிசையலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். பிசையலாம். ஆனால் சக்கியில் அரைத்த கோதுமை மாவு தண்ணீரை நிறைய இழுக்கும், சற்று நேரத்தில் இறுகிவிடும், பிரெட் மாவைவிட மெஷினுக்குப் பாரம். வீட்டில் டேபிள்டாப் கிரைண்டர் இருந்தால், அதோடு வந்த மாவு பிசையும் பாகத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள். நாலு பேர் சப்பாத்திக்கு அது போதும்.

கேக் பக்கம் உங்களுக்கே நிறையத் தெரியும் என்பதால் சுருக்கமாக. கைப் பீட்டரில் பழகியவர்கள் ஸ்டாண்ட் மிக்சருக்கு வந்ததும் செய்யும் தவறு, ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பது. வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் சர்க்கரையோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கும். நம் சமையலறையில் அது அரை மணியில் தாண்டிவிடும், மெஷினும் தன் பங்குக்குச் சூடேற்றும். எனவே வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, விரல் அழுத்தினால் குழி விழுந்து ஆனால் பளபளக்காத பதத்தில் ஆரம்பியுங்கள். நம் சர்க்கரை பருமனாக இருப்பதால் மிக்சியில் பொடித்துப் போடுங்கள். மைதா சேர்த்த பிறகு குறைந்த வேகத்தில் பத்து இருபது நொடி, மிச்சத்தைக் கரண்டியால் கையில். விப்பிங் க்ரீமுக்கு பவுலையும் விஸ்க்கையும் ஃபிரீசரில் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு, நடு வேகத்தில் அடியுங்கள். உச்ச வேகத்தில் அடித்த க்ரீம் சீக்கிரம் எழும்பும், பூ போட்ட பிறகு சீக்கிரம் சரியவும் செய்யும்.

மெஷின் வந்த அன்றே ஒரு சோதனை. வெறும் பவுலில் ஒரு சின்னக் காசைப் போட்டு, தட்டையான பீட்டரை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பீட்டர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் காசு கொஞ்சம் நகர வேண்டும். நகரவே இல்லை என்றால் இடைவெளி அதிகம், பவுலின் அடியில் சர்க்கரை கலக்காமல் கிடக்கும். உரசிக் கீறினால் இடைவெளி குறைவு. பெரும்பாலான நல்ல மெஷின்களில் இதைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும், கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். வெள்ளி நிறத்தில் பூச்சில்லாத அலுமினிய பீட்டரும் கொக்கியும் வந்தால் டிஷ்வாஷரில் போடக்கூடாது, சோப்பில் ஊறவும் விடக்கூடாது. கறுத்துப்போய், தொட்டால் கையிலும் மாவிலும் சாம்பல் நிறம் ஒட்டும். கழுவியதும் துடைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்தால் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து பீட்டர் தண்டு வழியாகச் சொட்டும். பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு வேலைக்கு முன் இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். அடிக்கடி சொட்டினால் கிரீஸ் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உணவுப் பொருள்மேல் பட்டாலும் தீங்கில்லாத கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள், வண்டிக் கடை கிரீஸ் வேண்டாம்.

புது மெஷின் வந்ததும் கைப் பீட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு முட்டையின் வெள்ளைக்கருவையோ, நூறு மில்லி க்ரீமையோ ஏழு லிட்டர் பவுலில் போட்டால் விஸ்க் அதைத் தொடவே தொடாது. அந்த வேலைக்கு என் பழைய கைப் பீட்டர் இன்னும் அதே டிராயரில்தான் இருக்கிறது.